வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் பி.டி. பீரியடைத் திருடியவள் நான்தான். வருடம் முழுக்க, வெள்ளிக்கிழமைதோறும், கடைசி பீரியட்!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். கணக்கு டீச்சர் என்றால் பி.டி. பீரியடைப் பிடுங்கத்தானே செய்வாள் என்பீர்கள். பிடுங்கியதைக்கூட விடுங்கள். அதற்காக நான் சொன்ன பொய் இருக்கிறதே... அந்தப் பொய்யோடுதான் பதினைந்து ஆண்டுகளாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நீலசந்திராவில் ஒரு சின்னப் பெண்கள் பள்ளி. அப்போது கர்நாடகாவில் ஏழாம் வகுப்புக்கே பொதுத்தேர்வு. என் பிள்ளைகளோ பின்னக் கணக்கைக் கண்டாலே அலறுவார்கள். தேர்ச்சி குறைந்தால் தலைமையாசிரியை என்னை வறுத்தெடுத்துவிடுவார். நான் என்ன செய்வேன்? கண்ணெதிரே ஒரு பீரியட் சும்மா கிடந்தது... சும்மா கிடப்பதாகத்தான் அன்று நினைத்தேன்!

பி.டி. சார் மாணிக்கம் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். வெள்ளைப் பேண்ட், கழுத்தில் விசில், முகம் கொள்ளாத சிரிப்பு. அவரிடம் போய், "சார், பசங்களே கணக்குதான் வேணும்னு கேக்கறாங்க. எக்ஸாம் பயம் பாருங்க" என்றேன்.

"அவங்களேவா கேட்டாங்க?" என்றார். விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நேரே வகுப்புக்கு வந்தேன். "இன்னைக்கு பி.டி. கிடையாது. சாரே பீரியட எனக்குக் குடுத்துட்டாரு."

ஐயோ, அந்த முகங்கள்! முதல் பெஞ்சு ரோஸ்லின் மட்டும், "சும்னே சொல்றீங்க, மிஸ்! சார் குடுத்திருக்க மாட்டாரு!" என்று எழுந்து நின்றாள். த்ரோபாலில் அவள் கைக்கு ஈடு கிடையாது. வந்த பந்தை மூன்று வினாடிக்குள் திருப்பி எறிய வேண்டும் என்பது ஆட்டத்தின் விதி. அவளுக்கு ஒரு வினாடியே அதிகம். அவளை உட்கார வைத்துப் பின்னம் சொல்லிக்கொடுத்தேன்.

அந்தப் பக்கம் ஒரு பொய், இந்தப் பக்கம் ஒரு பொய். எவ்வளவு கச்சிதம்! பீரியடைக் கொடுத்துவிட்டாரே என்ற கோபத்தில் பிள்ளைகள் வராந்தாவில் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தன்னைப் பிடிக்கவில்லை போலும் என்று அவர் நம்பிவிட்டார். என் பொய்க்கு நான் சாட்சி தேடவே வேண்டியிருக்கவில்லை.

ஒரு நாள் சிவாஜிநகருக்குப் போய்ப் புதுப் பந்து வாங்கிவந்தார். "இதப் பாத்தா வருவாங்களா, டீச்சர்?" என்று கேட்டார்.

அப்போதாவது வாயைத் திறந்தேனா? "சிலபஸ் முடியட்டும் சார்" என்றேன்! நான் மனுஷிதானா?

பிள்ளைகளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்க வெள்ளிக்கிழமைதோறும் ஸ்டாஃப் ரூமுக்கு வருவார். டீ குடித்துக்கொண்டே பேசுவோம். போகப்போக எனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்க ஆரம்பித்தார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. சொன்னேன். அதை மட்டும் உண்மையாகச் சொன்னேன்!

அந்த வருடம் பள்ளியிலிருந்து த்ரோபால் டீம் எதுவும் போட்டிக்குப் போகவில்லை. என் வகுப்போ முழுக்கப் பாஸ். எனக்கு ஏகப்பட்ட பாராட்டு. அவர் ராஜினாமா செய்துவிட்டு, பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் சேர்ந்தார். "பசங்களுக்கே பிடிக்காத பி.டி. மாஸ்டரு எதுக்கு?" என்று சிரித்தபடியே சொன்னார். எங்கள் கல்யாணத் தேதி குறித்த சமயம் அது. உண்மையைச் சொன்னால் கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயந்தேன். வெட்கமாக இருக்கிறது... ஆனால் அதுதான் நடந்தது.

போன வாரம் ரோஸ்லின் தன் கல்யாணப் பத்திரிகையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். எவ்வளவு உயரம்! சந்தாபுராவில் ஒரு பள்ளியில் அவள் இப்போது பி.டி. மிஸ்ஸாம். "சனிக்கிழம ஸ்கூலுக்கு வாங்க சார். எங்க பசங்களுக்கு த்ரோபால் சொல்லிக் குடுங்க" என்றாள்.

"வேணாம்மா. பசங்களுக்கு என்னப் பிடிக்காது" என்றார் இவர். "உங்க கிளாஸே என் பீரியட் வேணாம்னு கணக்கு கேட்டு வாங்கிக்கிச்சே, மறந்துட்டியா?"

மைசூர்பாகு தட்டோடு நான் அப்படியே நின்றேன். ரோஸ்லின் வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். பின்னம் சொல்லிக்கொடுத்தது வீண் போகவில்லை. ஒரு நொடியில் அவளுக்குக் கணக்கு புரிந்துவிட்டது.

"அப்ப எங்களுக்குப் புத்தி இல்ல சார்" என்றாள். "எங்க பசங்க அப்படி இல்ல. வாங்க சார்."

செய்யாத தப்பை அந்தப் பெண் தன் தலையில் போட்டுக்கொண்டாள். இவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "பாத்தியா, ஒத்துக்கிட்டா!" என்று என்னிடமே சொன்னார்!

வாசலில் செருப்பை மாட்டும்போது ரோஸ்லின் மெல்லச் சொன்னாள்: "நான் சொல்லமாட்டேன் மிஸ். நீங்களே சொல்லிடுங்க."

சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் அவரிடம் போய்ப் போட்டுக்கொடுக்க மாட்டீர்கள் அல்லவா?

நாளைக்குச் சனிக்கிழமை. வெள்ளைப் பேண்டுக்குக் காலையிலேயே இஸ்திரி போட்டாகிவிட்டது. இடுப்பில்தான் ஏறவில்லை! சாயங்காலம் மொட்டை மாடியில் துணி உலர்த்தும் கொடிக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் நின்றோம். பரணிலிருந்து எடுத்த அந்தச் சிவாஜிநகர் பந்துக்குக் காற்றடித்திருந்தார். இத்தனை வருடம் கழித்து விசில் மறுபடியும் கழுத்தில் தொங்கியது. சின்னப் பையனைப்போல் குதித்துக் குதித்து எறிந்தார்.

பந்து என் கைக்கு வந்தது. இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். "என்னங்க..." என்று ஆரம்பித்தும் விட்டேன்.

விசிலை ஊதினார். "மூணு செகண்டு ஆச்சு! ஃபவுல்! எவ்ளோ நேரம்தான் கையிலயே வெச்சிருப்ப?" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

நானும் சிரித்தேன். பந்து என் கையிலேயே இருந்தது.