புது பேட்டரி மேல் ஒரு புகார்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. கிள்ளானில் கோமுட்டர் ரயில் ஏறி, லேப்டாப்பை மடியில் வைத்துத் திறந்தேன் – அந்த வாரப் பத்தியை எழுதத்தான். பட்டனை அழுத்தினால்... ஒன்றுமில்லை. ஒரே இருட்டு.

இத்தனைக்கும் புது பேட்டரி. மாட்டி நாலே நாள்.

வீடு திரும்பி நான் செய்யாத வைத்தியம் இல்லை. கரன்ட் வயரைச் செருகினால் வேலை செய்யும், பிடுங்கினால் அணைந்துவிடும். சார்ஜ் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருக்கும். பேட்டரியைப் பகல் முழுக்க சார்ஜில் போட்டேன். ஹால் பிளக்கை விட்டு சமையலறை பிளக்குக்குப் போனேன். "ரெண்டு தட்டு தட்டிப் பாரேன்" என்றார் வீட்டுக்காரர். வெட்கத்தை விட்டு அதையும் செய்தேன்.

எனக்குக் கோபம் வந்தால் கை நேராக டெலிபோனுக்குத்தான் போகும். பிரிக்பீல்ட்ஸில் பேட்டரி வாங்கிய கடைக்கு அடித்தேன். கடை முதலாளி சீனர். வேலை தெரியாத பெண்ணை ரிப்பேருக்கு வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினேன். அந்தப் பெண் வசந்தா. "மூணு மாசம் பாத்துட்டுதான் நிரந்தரம் பண்ணுவாங்க ஆன்டி" என்று பேட்டரி வாங்கிய அன்றே என்னிடம் சொல்லியிருந்தாள். தெரிந்தும்தான் பேசினேன்.

மறுநாள் லேப்டாப்போடு கடையில் போய் நின்றேன். முதலாளி கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். வசந்தா பேட்டரியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தாள். நகத்தால் லேசாகச் சுரண்டி, விரலை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அப்போதுதான் எனக்கு வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது.

நீங்களே சொல்லுங்கள் – கார், பிரிட்ஜ், கேஸ் அடுப்பு என்று வீட்டுக்குப் புதுசாக எது வந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் தொடுவோமா? அவள் கடையில் டெஸ்ட் பண்ணிக் காட்டிய பேட்டரியை, வெள்ளிக்கிழமை நானே மாட்டிக்கொள்கிறேன் என்று தனியாக வாங்கிவந்தேன். பொட்டு எங்கே வைப்பது? ஒரு ஓரத்தில் தங்கமாட்டம் நாலைந்து தகடுகள் பளபளத்தன. முகம் அதுதான் போலிருக்கிறது என்று நினைத்து, தாராளமாகக் குழைத்து வைத்துவிட்டேன். அது காய்ந்து, கரன்ட் போகிற வழியையே அடைத்திருக்கிறது.

வசந்தா ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைத்து மாட்டினாள். வயர் இல்லாமலே லேப்டாப் உயிர்பெற்றது.

"வாட் ப்ராப்ளம்?" என்றார் முதலாளி.

"கான்டாக்ட் டர்ட்டி, பாஸ். நான்தான் சரியா க்ளீன் பண்ணல" என்று அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்.

"ஒன் மோர் டைம், யூ நோ நீட் கம் லா." இன்னொரு தடவை நடந்தால் வேலைக்கே வரவேண்டாம் என்கிறார்.

அவள் தலையாட்டினாள். நான்? போனில் அத்தனை ஆங்கிலம் பேசிய வாய் அப்போது திறக்கவில்லை.

வாசல்வரை வந்தவளிடம், "ஏம்மா உன் மேல போட்டுக்கிட்ட?" என்றேன்.

"விடுங்க ஆன்டி. எங்கம்மா ரைஸ் குக்கருக்கே பொட்டு வைப்பாங்க. இவருகிட்ட சொன்னா பக்கத்துக் கடைக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பாரு. உங்களுக்குத்தான் ஒரு மாதிரியா இருக்கும்."

வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வரை நடந்தேன். பசி இருந்தது, உள்ளே போக மனசு வரவில்லை. என் முகம் கோணக்கூடாது என்று அந்தப் பெண் தன் வேலையையே பணயம் வைத்திருக்கிறாள். அவள் வேலையைப் பற்றி நான் ஒரு நிமிடம் யோசித்தேனா? வெட்கமாக இருந்தது. திரும்பி நடந்தேன்.

முதலாளியிடம் சந்தனம், குங்குமம், வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். தப்பு முழுக்க என்னுடையது, புகாரை அழித்துவிடுங்கள் என்றேன். மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வசந்தா சொன்னது சரிதான் – பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு, என்னை மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன்.

இப்போதும் அந்தப் பக்கம் போனால், "ஆன்டி, பேட்டரி ப்ரே ஆல்ரெடி ஆ?" – பூஜை போட்டாச்சா – என்று தெருவுக்கே கேட்கக் கத்துகிறார். கத்தட்டும்... போன வாரம் வசந்தாவை நிரந்தரம் பண்ணிவிட்டார்.