காதைப் பிடிக்க ஓராள்

ஒப்பரேஷன் முடிந்த மறுநாளே கொழும்புக் காலி வீதியில் நடந்ததாகத்தான் சற்குணதேவி ரீச்சர் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். நெருக்கிக் கேட்டால், நடந்தது வார்ட் வாசல்வரைதான், அதுவும் வாக்கரைப் பிடித்தபடி என்று ஒப்புக்கொள்வார். காலி வீதி யன்னலால் தெரிந்ததாம்.

புது இடுப்பு மூட்டோடு வெள்ளவத்தை மாடிவீட்டு பிளட்டுக்குத் திரும்பிய ரீச்சருக்கு நோவைவிடப் பெரிய கவலையொன்று இருந்தது. ஒப்பரேஷனுக்கு முன், நல்லபடி நடக்கவைத்தால் நூற்றெட்டுத் தோப்புக்கரணம் போடுவதாகப் பிள்ளையாருக்கு நேர்ந்துவிட்டார். தேங்காய் உடைப்பதாக நேர்ந்திருக்கலாம். அறுபத்தொன்பது வயதில், இடுப்பு மாற்றப்போகிறவர், குந்தி எழும்புவதாக வாக்குக் கொடுத்தார். கணக்குப் படிப்பித்தவர் வேறு.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோ ரூபிகாவிடம் மெல்லக் கேட்டார்.

“பிள்ளை, தோப்புக்கரணம் எப்ப போடலாம்?”

“விளையாடுறீங்களோ அன்ரி? உயரம் குறைஞ்ச கதிரையிலயே இருக்கக்கூடாது எண்டுறன். குந்தினா மூட்டுக் கழண்டிடும். திரும்பவும் ஒப்பரேஷன் தியேட்டர்தான்.”

“போடாட்டிப் பிள்ளையார் நடையைத் திருப்பி எடுத்திடுவாரே!”

குந்தினால் மூட்டுப் போகும், குந்தாவிட்டால் நடை போகும். ரீச்சர் அன்று சோறும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை ரூபிகா, குசினியில் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு முழங்காலைக் கொஞ்சமாக மடித்து நிமிரும் பயிற்சியைக் காட்டினாள். ஒருமுறைக்குப் பத்து, நாளுக்கு மூன்றுமுறை. ரீச்சரின் முகம் மலர்ந்தது. உடனே ஒரு கை மேடையை விட்டுக் காதுக்குப் போனது.

“ரெண்டு கையும் மேடையில, அன்ரி!”

“அப்ப காதை ஆர் பிடிக்கிறது? இஞ்சேருங்கோ, ஒருக்கா வாங்கோ.”

கணவர் யோகநாதன் பேப்பரை வைத்துவிட்டு வந்து, பின்னால் நின்று இரு காதுகளையும் பிடித்தார். நாற்பத்திரண்டு வருடமாக அந்த வீட்டில் பிடிபட்டது அவருடைய காதுதான். பிடி கொஞ்சம் இறுக்கமாகவே இருந்தது.

நாலாம் நாள் மத்தியானம், எட்டோடு ரீச்சர் நிமிர்ந்து நின்றுவிட்டார்.

“இன்னும் ரெண்டு, அன்ரி,” என்றாள் ரூபிகா.

“இல்லைப் பிள்ளை. மூண்டு நாளுக்குத் தொண்ணூறு, காலமை பத்து, இப்ப எட்டு. நூற்றெட்டு முடிஞ்சுது. பிள்ளையாருக்குச் சொன்னதைச் செய்திட்டன். இனி உம்மட பயிற்சியும் போதும்.”

யோகநாதன் காதை விடவில்லை.

“நூற்றெட்டு வார்ட்டில சொன்னது. தியேட்டருக்கை தள்ளிக்கொண்டு போகேக்கை பயத்தில ஆயிரத்தெட்டு எண்டனீர். நான் பக்கத்தில நிண்டனான்.”