சொதிக் கிண்ணத்தில் வந்த சுரம்

பெட்டியைத் தூக்கியதும் உள்ளே ஏதோ கிலுங்கியது...

கிலுங்கக் கூடாத பெட்டி அது. மரப்பெட்டி, உள்ளே வைக்கோல், வைக்கோலுக்குள் பீங்கான் கிண்ணங்கள். பக்கத்தில் நின்ற சீனப் பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். நான் பெட்டியை மெதுவாக நிலத்தில் வைத்தேன்.

நண்பர்களே, கம்ப்யூட்டரில் தமிழ் எழுத இப்போதுதான் பழகினேன். அதனால் மெதுவாகத்தான் எழுத வருகிறது. 'ஹொல்ஸ்டெப்ரோ' என்ற டென்மார்க் ஊர்ப் பெயரைப் பிழையில்லாமல் எழுதி முடித்ததும் எழும்பிப் போய் ஒரு தேத்தண்ணி போட்டுக் குடித்தேன். அவ்வளவு சந்தோசம்.

அந்த ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரு இசை மண்டபத்தில்தான் எனக்குத் துப்புரவு வேலை. கச்சேரி நாட்களில் சாமான் தூக்கவும் வேண்டும். அந்த ஞாயிறு வந்த பிள்ளையின் பெயர் லின். பாட்டுக்காரி இல்லை, இசை எழுதுகிறவள். வயலின், செல்லோ எல்லாம் வெள்ளைக்காரர் வாசிக்க, நடுவில் சீனத்து இரட்டைத் தந்தி வாத்தியமும் சேரும். ஒரு பகுதியில் கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றிக் குச்சியால் தட்டுவார்கள். நம்மவர் ஜலதரங்கம் மாதிரித்தான்.

வழியிலேயே பெரிய கிண்ணம் உடைந்து போயிருந்தது. அடிச்சுரம் அதில்தான் இருந்ததாம்.

மண்டபப் பொறுப்பாளர் நெட்டையான டேனிஷ்காரர். "அந்தப் பகுதியை விட்டுவிடலாம்" என்றார்.

லின் என் பக்கம் திரும்பினாள். என்னிடம்தான் சொன்னாள். அவளுடைய டேனிஷும் என்னுடையதைப் போல முறிந்த டேனிஷ், அதனால் எங்கள் இருவருக்கும் நன்றாக விளங்கும்.

"அம்மா முதல் தடவை பிளேன் ஏறி வந்திருக்கிறா. நான் எழுதுகிற இசை அவவுக்கு விளங்காது. இந்த ஒரு பகுதி மட்டும் விளங்கும். அவ உடுப்புத் தோய்க்கும்போது பாடுகிற பாட்டு அது."

அந்த நாளில் ஞாயிறு ஒரு கடையும் திறக்காது. நான் வீட்டுக்குப் போன் எடுத்தேன்.

"பவளம், வீட்டிலை இருக்கிற பெரிய பீங்கான் கிண்ணமெல்லாம் வேணும். இஞ்சை ஒரு சீனப் பிள்ளைக்கு. கெதியா!"

"எத்தினை பேருக்கு?"

"எத்தினையெண்டாலும் கொண்டு வா. தேவி வீட்டையும் கேள்."

எத்தனை பேருக்கு என்று அவள் கேட்டபோதே நான் யோசித்திருக்க வேண்டும்...

மனைவி பவளமும் அயல்வீட்டுத் தேவியும் காரில் வந்து இறங்கினார்கள். கிண்ணங்கள் எல்லாம் மூடி போட்டு, துணியால் கட்டி இருந்தன. லின் ஆசையோடு முதல் துணியை அவிழ்த்தாள். கத்தரிக்காய்ப் பால்கறி. அடுத்தது பருப்பு. அடுத்தது பயற்றம் பாயசம். இரண்டு வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சமையலும் மேடையில் வரிசையாக இருந்தது.

"கிண்ணமெல்லே கேட்டனான்!" என்றேன்.

"வெறும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ரை முகத்திலை முழிக்கிறதோ? உங்களுக்கென்ன விசரே?" என்றாள் பவளம்.

தேவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அண்ணைக்கு இஞ்சை வந்து முறையெல்லாம் மறந்து போச்சு."

லின் பால்கறியில் குச்சியால் தட்டினாள். டொக்... பிறகு சிரித்தாள். காலையிலிருந்து முதல் சிரிப்பு.

வேறு வழியில்லை. கிண்ணம் வெறுமையாக வேண்டும் என்றால் சாப்பிட வேண்டும். வாத்தியக்காரர் எல்லோரையும் கூப்பிட்டோம். செல்லோக்காரர் பாயசத்தில் மூன்றாம் தரம் வாங்கினார். ஒவ்வொரு கிண்ணமும் முடிய முடிய நான் கழுவித் துடைத்துக் கொடுத்தேன். லின் தண்ணீர் ஊற்றித் தட்டுவாள், தலையை ஆட்டி ஒதுக்கி வைப்பாள். பொறுப்பாளர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே கத்தரிக்காய் சாப்பிட்டார்.

கடைசியில் மிஞ்சியது தேங்காய்ப்பால் சொதிக் கிண்ணம். சோறில்லாமல் சொதியை என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நான் கழுவ எடுக்கப் போனேன். லின் சும்மா ஒரு தட்டுத் தட்டினாள்.

டோ...ம்.

"தொடவேண்டாம்!" என்று கத்தினாள்.

"சூப்போடயா?" என்றார் பொறுப்பாளர்.

"சூப்போடதான். தண்ணீரில் இந்தச் சத்தம் வராது."

கொஞ்சம் இறங்கி ஒலிக்கிறதாம். ஒரு கரண்டி எடுத்தாள். ஊற்ற இடமில்லை, குடித்தாள். தட்டினாள். இன்னொரு கரண்டி குடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

"பச்சை மிளகாயை எடுத்து விடட்டோ?" என்றாள் பவளம் கவலையோடு.

நான் டேனிஷில் கேட்டுச் சொன்னேன். மிளகாயும் கிடக்கட்டுமாம்.

கச்சேரிக்குப் பவளத்தை முன்வரிசையில், லின்னின் அம்மாவுக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். நான் கதவடியில் நின்றேன். முதல் பகுதிகளில் அந்த அம்மா நேராகப் பார்த்தபடி, மரியாதைக்காக இருப்பவர் போல இருந்தார். பிறகு கிண்ணங்கள் தொடங்கின. அடிச்சுரம் விழுந்தபோது மண்டபம் முழுக்கக் கறிவேப்பிலை வாசம் இருந்தது என்று நான் சொன்னால் நம்பமாட்டீர்கள்...

"என்ரை கையை இறுக்கிப் பிடிச்சவ" என்று பவளம் பிறகு சொன்னாள். "வாய்க்குள்ளை கூடவே பாடினவ. முழுப் பாட்டும்."

முடிந்ததும் அந்த அம்மா மேடைக்குப் போய் மகளிடம் ஏதோ நீளமாகக் கதைத்தார். லின் அழுதுகொண்டே சிரித்தாள். எங்களைப் பார்த்து டேனிஷில் சொன்னாள்:

"பாட்டு எங்கள் வீட்டுப் பாட்டாம். சமையல் யார் வீட்டுச் சமையல் என்று கேட்கிறா."

இப்போது அந்த இசையைப் பெரிய பெரிய நகரங்களில் வாசிக்கிறார்களாம். போன கிழமை பேத்தி தன் போனில் போட்டுக் காட்டினாள். பளபளவென்று ஒரே அளவுக் கிண்ணங்கள், சுத்தமான தண்ணீர். சத்தமும் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. பேத்தி டேனிஷில் 'அழகு' என்றாள். அழகுதான், நானும் ஒத்துக்கொண்டேன்.

பவளம் கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டாள்.

"எப்பிடி?" என்று கேட்டேன்.

"உப்புக் காணாது" என்றாள்.