எலும்பில் வந்த குமிழி

என் மகள் ஏழாவது படிக்கிறாள். நேற்று போனில் டைனோசர் காலத்துப் பிராணி ஒன்றின் படம் காட்டினாள். பல்லி மூஞ்சி, தார்ப்பாய் விரித்த மாதிரி இறக்கை. ஒரு காலத்தில் ஒட்டகச்சிவிங்கி உயரத்துக்கு இருந்ததாம், பறந்ததாம். எலும்புக்குள்ளே காற்று இருந்ததால் உடம்பு கனக்கவில்லையாம். இப்போதுள்ள பறவைகளுக்கும் அப்படித்தானாம். நம்ப மாட்டேன் என்று நினைத்துச் சொன்னாள். நான் நம்பினேன். கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. திருச்சுழிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அண்ணனுக்கு மஞ்சள்காமாலை வந்து பிழைத்தான். அதற்காக அம்மா ஒரு சேவலைக் கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்டார். குஞ்சாக இருந்தபோதே நேர்ந்தது. தீனி போட்டு வளர்த்தது நான். பங்குனிப் பொங்கலுக்கு அறுப்பார்கள் என்று தெரியும். நாள் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

பொங்கலுக்கு ஒரு மாதம் இருந்தது. ஒரு மத்தியானம் சேவலை மாடிக்குத் தூக்கிப் போனேன். இறக்கை இருக்கிறது, பறந்து எங்காவது போய்ப் பிழைக்கட்டும் என்று வீசினேன். கோழி எவ்வளவு தூரம் பறக்கும் என்று யோசிக்கவில்லை. அது வேலியைக்கூடத் தாண்டவில்லை. கல்தூணில் மோதி விழுந்தது. தோளுக்குப் பக்கத்தில் எலும்பு ஒடிந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அம்மா பருத்தி எடுக்கப் போயிருந்தார். சேவலை அள்ளிக்கொண்டு மாமாவிடம் ஓடினேன். மாமா அம்மாவின் தம்பி. ஆடு வைத்திருந்தார். கால் ஒடிந்த ஆட்டை நரிக்குடியிலிருந்துகூட அவரிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

"எப்பிடித்தா ஒடிஞ்சது?"

"அதுவா மாடியிலருந்து விழுந்துருச்சு மாமா."

"மாடிக்கும் அதுவாத்தான் ஏறுச்சாக்கும்."

அதற்கு மேல் கேட்கவில்லை. ஆட்டுக்குச் செய்கிற மாதிரியே செய்தார். மஞ்சள் தண்ணீரைப் புண்ணில் ஊற்றினார். சேவல் வாயைப் பிளந்தது. கண் சொருகியது. ஒடிந்த எலும்பின் ஓட்டையில் ஒரு குமிழி வந்தது. உடைந்தது. மறுபடி வந்தது. நெஞ்சு ஏறி இறங்க, அதற்குத் தகுந்த மாதிரி வந்துகொண்டே இருந்தது.

மாமா செம்பைக் கீழே வைத்தார்.

"ஏ புள்ள, இது எலும்பு வழியா மூச்சு விடுது. தண்ணி நெஞ்சுக்குள்ள போயிருச்சு போல."

சேவலைத் தலைகீழாகப் பிடித்தார். மூக்கில் தண்ணீர் வடிந்தது. அடுத்துப் புண்ணில் ஊற்றக் காய்ச்சிய வேப்பெண்ணெய் பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தது. அதைக் காலால் தூரத் தள்ளினார். வெகுநேரம் கழித்து சேவல் கண்ணைத் திறந்தது.

எலும்பை உள்ளே தள்ளி, மூங்கில் சிம்பு வைத்துத் துணி சுற்றினார். முடிச்சுப் போடும்போது என்னைப் பார்த்தார்.

"இது பறக்கணுமாத்தா, இருக்கணுமா?"

"இருக்கணும் மாமா."

கட்டை அவிழ்த்தார். சிம்பைக் கொஞ்சம் திருப்பி வைத்து மறுபடி கட்டினார். சேவலுக்கு வலிக்கிறது, அதனால் மாற்றுகிறார் என்று நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தார். இறக்கை கோணித் தொங்கியது. அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னலே இப்பிடிக் கட்டி வச்சிருக்க? ஊனப்பட்டதச் சாமிக்குக் குடுக்கலாமா?"

"ஆட்டுக்குக் கட்டுன கைதானேக்கா. கோழிக்கு வரல."

"பெரிய வைத்தியரு!"

மாமா தலையைச் சொறிந்தார். அம்மா அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறிப் போய் வேறு சேவல் வாங்கி வந்தார். அதை அறுத்தபோது நான் அழவில்லை. அதற்கு நான் தீனி போட்டதில்லை.

என் சேவல் இன்னும் நாலு வருஷம் இருந்தது. கூரை ஏற முடியாது. தரையிலேயே நின்று கூவும். இறக்கையைக் கெடுத்துவிட்டார் என்று எனக்கு மாமா மேல் கோபம். "கோணக்கட்டு மாமா" என்று கூப்பிட்டேன். என் கூட்டாளிகளும் கூப்பிட்டார்கள். அவர் ஆடுகளைப் பத்திக்கொண்டு, "வாரேந்தா" என்று சொல்லிவிட்டுப் போவார்.

எல்லாம் கேட்டுவிட்டு மகள் கேட்டாள்: "அந்தத் தாத்தாவுக்குக் கட்டத் தெரியாதாம்மா?"

முதலில் கட்டியபோது இறக்கை நேராகத்தான் இருந்தது. அவர் கட்டிய ஆடு ஒன்றுகூட நொண்டி நான் பார்த்ததில்லை.