என் எடைக்கு நாட்டுச்சர்க்கரை

கோயம்புத்தூரில் என்னோடு வேலை பார்க்கும் பையன் ஒருவன், லீவு கிடைத்தால் போதும், இமயமலைப் பக்கம் போய் நாலைந்து நாள் மூட்டை சுமந்து நடந்துவிட்டு வருவான். சுமையைக் குறைக்கிறேன் பேர்வழி என்று இந்தமுறை பல் விளக்கும் பிரஷ்ஷின் பிடியைப் பாதியாக அறுத்துவிட்டதாக அவன் பெருமையோடு சொன்னபோது ஆபீஸே சிரித்தது. எனக்கு அதில் அதிசயம் ஒன்றும் தெரியவில்லை. நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே எங்கள் மாமா அந்த வேலையைச் செய்து முடித்திருந்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பல்லடம் பக்கம் ஒரு கறிக்கோழிக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தார். கம்பெனி குஞ்சும் தீவனமும் கொடுக்கும், பண்ணைக்காரர்கள் வளர்த்துத் தரவேண்டும், கோழி வளர்ந்ததும் மாமா லாரியோடு வந்து எடைபோட்டு ஏற்றிக்கொண்டு போவார். எங்கள் தோட்டத்திலும் ஒரு பண்ணை உண்டு. பேருக்கு அது அப்பாவுடையது, பாடுபட்டதெல்லாம் அம்மா. கோழி ஏற்றும் நாளில் அக்காவுக்கும் தம்பிக்கும் ஆகாது. லாரி வருவதற்குச் சில மணி நேரம் முன்பே தீவனத் தட்டுகளைத் தூக்கிவிட வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். வயிற்றில் கிடக்கிற தீவனத்தையும் கோழி என்று நிறுத்தால் கம்பெனி என்னாவது என்பார் மாமா. வாயில்லா ஜீவனைப் பட்டினியாக அனுப்புவதா என்பாள் அம்மா. லாரி கிளம்பிப் போனதும் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து காபி குடிப்பார்கள்.

அதற்கு முந்தின வருடம் எனக்கு உடம்புக்கு முடியாமல் போயிருந்தது. காய்ச்சலில் ஆரம்பித்து வேறு எங்கெங்கோ போய், கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் வெகுநாள் கிடந்தேன். அதில் என் ஞாபகத்தில் இருப்பது, பள்ளிக்கூடம் கிடையாது, கேட்டபோதெல்லாம் ஆரஞ்சுப்பழம், யாரும் திட்டவில்லை என்பவைதான். என்னைக் கேட்டால் நல்ல காலம் என்றே சொல்லியிருப்பேன். அம்மா அங்கே இருந்துகொண்டு பழனி முருகனிடம் ஒரு வேண்டுதல் வைத்துவிட்டாள். பிள்ளை தேறி வந்தால் மொட்டையடித்து, எடைக்கு எடை நாட்டுச்சர்க்கரை கொடுப்பதாக. எங்கள் பக்கத்தில் பஞ்சாமிர்தத்துக்குச் சர்க்கரை கொண்டுபோவது சாதாரணம். ஆனால் அம்மா அதோடு நிறுத்தவில்லை. அந்தச் சர்க்கரையை வண்டியில் ஏற்றாமல், வீட்டிலிருந்து நடந்தே சுமந்து வருவதாகவும் சொல்லிவிட்டாள். சாமியிடம் பேரம் பேசத் தெரியாதவள்.

தைப்பூசத்துக்குத் தோதாக ஒரு பேட்ச் கோழி ஏற்றி முடிந்து கொட்டகை காலியாக இருந்தது. அப்பா, அம்மா, மாமா, அத்தை, நான் என ஐந்து பேர் கிளம்புவதாக ஏற்பாடு. அத்தை என்றால் மாமாவின் மனைவி. மூன்று நாள் நடை. நான்கு பெரியவர்கள் ஒரு முழுப் பிள்ளையின் கனத்தைச் சுமந்தாக வேண்டும் என்பதால் மற்றதையெல்லாம் குறைக்கும் பொறுப்பை மாமா தாமாகவே எடுத்துக்கொண்டார். கோழி நிறுக்கும் கொக்கித் தராசை எங்கள் வீட்டு ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொருவர் பையையும் மாட்டி முள்ளைப் பார்த்தார். சோப்பு நான்கு துண்டாயிற்று. போர்வை மூன்றிலிருந்து இரண்டாயிற்று. துண்டுகளைக் குறுக்கே கிழித்தார். பிரஷ்களுக்கு நேர்ந்த கதியைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். அப்பாவின் டிரான்சிஸ்டர் தகராறில்லாமல் வெளியேறியது. அத்தையின் பவுடர் டப்பாதான் நெடுநேரம் வழக்காடியது.

“ஏனுங்க, இத்துனூண்டு டப்பா. இதுல என்னங்க எடை?” என்றார் அத்தை.

“இத்துனூண்டு இத்துனூண்டுன்னு பத்து சேர்ந்தா ஒரு கோழியாச்சு” என்றார் மாமா. அவருக்கு உலகத்தில் எதுவும் கோழிக்கணக்குதான். கடைசியில் அத்தை பவுடரைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டார்.

நானும் நடப்பேன் என்று பிடிவாதமாக இருந்தேன். நடந்து போகிறவர்களின் பைக்குப் பின்னால் இருட்டில் மினுக்கும் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அது எனக்கு வேண்டியிருந்தது. சுமை தாங்காது போலிருந்தால் என்னையும் அத்தையையும் துணிமணிகளோடு பஸ்ஸில் அனுப்பிவிடலாம் என்று மாமா சொல்லிக்கொண்டிருந்ததால் நானும் என்னாலான யோசனைகளைச் சொன்னேன். பழனியில் எடுக்கப்போகிற முடியை இங்கேயே எடுத்துவிட்டுப் போனால் கனம் குறையுமே என்றேன். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்பா சிரிப்பை அடக்க எழுந்து வெளியே போய்விட்டார். மாமா மட்டும் கொஞ்சம் யோசித்தார் என்றே நினைக்கிறேன்.

பிறகு விளையாட்டாகச் சொன்னார். “அதெல்லாம் ஆகாது அம்மணி. நீ ஒரு கிலோ குறைஞ்சீன்னா எங்களுக்கு ஒரு கிலோ சர்க்கரை மிச்சம். அதுதான் வழி.”

அவர் சொல்லிவிட்டு மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை. மறுநாள் காலை என்னை நிறுப்பதாக இருந்தது. கம்பெனிச் சட்டம் எனக்கு மனப்பாடம். எனவே அன்று மாலையே என் தீவனத் தட்டை நானே தூக்கிவிட்டேன்.

அம்மா சந்தகை பிழிந்திருந்தாள். தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டுத் தட்டை முன்னால் வைத்தாள். வேண்டாம் என்றேன். பசியில்லையா என்றாள். இல்லை என்றேன். அம்மா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டுப் புறங்கையால் என் நெற்றியைத் தொட்டாள், கழுத்தைத் தொட்டாள், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். அப்பாவைக் கூப்பிட்டாள். அப்பாவும் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். அம்மா கேட்கவில்லை. பாலாவது குடி கண்ணு என்று கெஞ்சினாள். பிள்ளைகளிடம் கெஞ்சுகிற வழக்கமே அவளுக்குக் கிடையாது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று எனக்கு வியப்பாக இருந்தது. இருந்தாலும் நான் அசையவில்லை.

காலையில் மாமா என்னை வேட்டித் தூளியில் உட்காரவைத்துக் கொக்கியில் மாட்டினார். முள் ஆடி நின்றது. ஆஸ்பத்திரியில் கடைசியாகக் காட்டப் போனபோது இருந்ததைவிட எடை குறைந்திருந்தது. “ஜம்முனு குறைஞ்சிருக்குதுங்க அக்கா” என்றார் மாமா, கோழி லாபத்தைச் சொல்லும் குரலில்.

அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் ஏன் உட்கார்ந்தாள் என்பது புரியாமல், அவளைச் சமாதானப்படுத்துவதற்காகவே நான் உண்மையைச் சொன்னேன். தூளியில் தொங்கியபடியே, நான்தான் நேற்றிலிருந்து சாப்பிடாமல் குறைத்தேன், மாமா சொன்னார், கோழிக்குக்கூட அப்படித்தானே செய்வோம் என்று பெருமையாக விளக்கினேன். மாமாவின் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கு இன்னும் ஒரு கிலோ குறைய வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அம்மா எழுந்து வந்து என்னைத் தூக்கி இறக்கினாள். அடுப்பை மூட்டினாள். தோசையாக ஊற்றி ஊற்றித் தட்டில் போட்டாள். இரண்டாவது தோசைக்கு மாமா மெல்ல வாயைத் திறந்தார்.

“அக்கா, தின்ன உடனே நிறுத்தா சரியான எடை வராதுங்க.”

“உன்ர கம்பெனிச் சட்டத்தைக் கோழியோட வெச்சுக்கடா. இது என்ர புள்ள. வயிறு நெறையத் தின்னுபோட்டுத்தான் தராசுல ஏறுவா.”

“சுமை கூடுமுங்க அக்கா.”

“கூடட்டும்!” என்றாள் அம்மா. அடுப்பிலிருந்த தோசைக்கல் அதிர்ந்திருக்கும். “கூடட்டுமுன்னுதானேடா நான் வேண்டிக்கிட்டேன்.”

அப்பா, “மாப்ள, நீங்க தராசைப் புடிங்க. எடையை உங்க அக்கா பார்த்துக்குவாங்க” என்றார். நான் சாப்பிட்டு முடித்ததும் பாவாடை சட்டை கொலுசோடு நிறுத்தார்கள். வந்த எடைக்குச் சர்க்கரையை நிறுத்து, அதற்கு மேல் அம்மா இரண்டு கை அள்ளிப் போட்டாள். மாமா அதைப் பார்க்காதமாதிரி கோழிக்கொட்டகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். சர்க்கரையைத் துணிப்பைகளில் பிரித்துக் கட்டினார்கள். பெரிய பை எனக்கு என்றாள் அம்மா. பங்கு சமமாக இருக்க வேண்டும் என்று மாமா ஒரே ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

பொங்கலூர் தாண்டிக் குண்டடம் வழியாகத் தாராபுரம் சாலையில் நடந்தோம். மினுக்கும் ஸ்டிக்கர் முதல் நாளே கிடைத்துவிட்டதால் எனக்கு அதன்பிறகு பழனி வராமல் போனாலும் பரவாயில்லை என்றிருந்தது. அப்பாவும் அத்தையும் பையை முதுகில் மாட்டியிருந்தார்கள். அம்மா தோள் மாற்றித் தோள் போட்டுப் பார்த்து, கடைசியில் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். கால் கொப்புளித்து அவள் நொண்ட ஆரம்பித்தபோது மாமா பையைக் கேட்டார். தரவில்லை. அப்பா கேட்டார். அவருக்கும் தரவில்லை.

மாமாவுக்கு வேறொரு சோதனை காத்திருந்தது. பூசத்துக்கு நடப்பவர்களுக்குச் சாலை நெடுகப் பந்தல் போட்டுக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். பொங்கல் ஒரு இடத்தில், புளிச்சோற்றுப் பொட்டலம் ஒரு இடத்தில், மோர், சுண்டல், பன்னு, ஆரஞ்சு. வேண்டாம் என்றால் விடுவார்களா? “சாமிக்குப் போறவீங்க வேண்டாங்கப்படாதுங்க” என்று கும்பிட்டுக்கொண்டே பைக்குள் திணித்துவிடுவார்கள். கும்பிடுகிறவரிடம் மறுத்துப் பேச எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தரப்படவில்லை. அறுத்தும் கிழித்தும் மாமா குறைத்த எடையெல்லாம் குண்டடத்துக்குள்ளேயே திரும்பி வந்துவிட்டது.

யோசித்து யோசித்து அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பையில் இருந்தால்தானே சுமை, வயிற்றில் இருந்தால் சுமையில்லையே! கொடுப்பதை அங்கேயே தின்று தீர்த்துவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். பெரியவர்களால் எவ்வளவு தின்ன முடியும்? அத்தை விரதம், அம்மாவுக்கு நடப்பதே பாடு, அப்பா இரண்டு வாய்க்கு மேல் கையை உதறிவிடுவார். என்னைப் பட்டினி கிடக்கவைத்ததற்குப் பிராயச்சித்தமோ என்னவோ, எல்லாவற்றையும் மாமா என் கையிலேயே கொடுத்தார். “தின்னு சாமி, தின்னு” என்று பக்கத்திலேயே நின்று ஆரஞ்சை உரித்து உரித்துக் கொடுத்தார். நான் அவர் மனம் கோணாமல் நடந்துகொண்டேன். பழனி வரைக்கும் அப்படியே நடந்துகொண்டேன்.

பழனியில் மொட்டையடித்துக் குளிப்பாட்டிச் சந்தனம் பூசிக் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். துலாபாரத் தராசு பெரியது. சங்கிலியில் தொங்கும் இரண்டு பெரிய தட்டுகள். தரையைத் தொட்டுக்கொண்டிருந்த தட்டில் என்னைச் சம்மணம் போட்டு உட்காரவைத்தார்கள். எதிர்த்தட்டில் அப்பாவின் பை, அத்தையின் பை, மாமாவின் பை, கடைசியாக அம்மாவின் பெரிய பை. எல்லாம் வைத்தாயிற்று. என் தட்டு கிளம்பவே இல்லை.

மாமா சங்கிலியை ஆட்டிப் பார்த்தார். “தராசுல என்னமோ கோளாறுங்க” என்றார்.

தராசுக்காரர், “இதுவரைக்கும் யாரும் சொல்லாத குத்தமுங்க” என்றார். “சர்க்கரை பத்தலீங்க. புள்ள கனமா இருக்குதுங்க.”

எனக்கு அவமானமாகப் போயிற்று. தின்ற பொங்கலும் பன்னும் ஆரஞ்சும் வரிசையாகக் கண்முன் வந்தன. இவ்வளவு தூரம் சுமந்து வந்து என் வாயால் வேண்டுதல் கெட்டுவிட்டது என்று முடிவு செய்துவிட்டேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அடிவாரத்துக் கடையில் சர்க்கரை வாங்கி வருகிறேன் என்று மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடக் கிளம்பினார்.

“ஏன்டா ஓடற? மெதுவாவே போய்ட்டு வா” என்றாள் அம்மா.

“பின்னால ஆளுக நிக்கறாங்கக்கா.”

“நிக்கட்டும். சித்த நேரம் இப்படியே இருக்கட்டும்டா.”

வரிசையில் நின்றவர்களைப் பார்த்துக் கோவித்துக்கொள்ளாதீர்கள் என்று கும்பிட்டாள். பிறகு நொண்டிக்கொண்டே வந்து என் தட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். தட்டின் விளிம்புக்கும் கல்தரைக்கும் நடுவில் விரலை நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை. இன்னொரு பக்கம் முயன்று பார்த்தாள். அங்கும் நுழையவில்லை. அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இனிமேல் கொஞ்சமாகத் தின்கிறேன் அம்மா என்றேன். அவள் என் வாயைப் பொத்தினாள்.

ஆஸ்பத்திரியில் தினமும் காலையில் ஒரு நர்ஸ் என்னை எடைமேடையில் நிற்கவைப்பார். அந்த நேரத்தில் அம்மா எண்ணைப் பார்க்க மாட்டாமல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வாளாம். நேற்றைக்கு இன்றைக்கு என்று அது இறங்கிக்கொண்டே போயிற்றாம். இதை அப்பா எனக்குச் சொன்னது நான் பிள்ளை பெற்ற பிறகுதான். அன்று தட்டில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் கனமாக இருக்கிறேன், அதனால் எல்லோரும் காத்திருக்கிறார்கள், அம்மா அழுகிறாள் என்பதுதான். அம்மாவுக்கு உதவியாக இருக்கட்டும் என்று, வயிற்றை எக்கி, மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.