நோமா எங்கே படுக்கிறாள்

நோமாக் குஞ்சு... நேற்று உன்னை உன் ஊரில் அடக்கம் செய்துவிட்டார்கள். உன் தம்பி வீடியோ அனுப்பினான். என்னால் பாதிதான் பார்க்க முடிந்தது.

என் பேஸ்புக்கில் இருக்கிற கனபேருக்கு இவளைத் தெரியாது. நோமா இங்கே, இந்தக் குளிர் நாட்டில், என்னோடு ஒரு முதியோர் இல்லத்து லோண்டரியில் வேலை செய்தவள். போன மாதம் ஒரு காலை, ட்ரையரில் இருந்து பெட்ஷீட்டை இழுத்து மடிக்கிறதுக்கு என்னிடம் நீட்டினாள். ஒரு முனையை நான் பிடித்தேன். மற்ற முனை நிலத்தில் விழுந்தது. அவளும்...

ஹார்ட் அட்டாக் என்றார்கள். பெட்ஷீட் என் கையில் இன்னும் சூடாக இருந்தது.

அவளுடைய ஊர் தென்னாபிரிக்கா, கிழக்குக் கேப் பக்கம். மேடு மேடாக வீடுகள் சிதறிக் கிடக்கிற ஒரு முனிசிபாலிட்டி. கிட்டத்தட்ட எல்லாரும் கோசா மொழி பேசுகிற ஆட்கள். இளசுகள் எல்லாம் வேலைக்குப் பட்டணம் போய்விட்டார்கள், வயது போனவர்களும் பிள்ளைகளும்தான் மிச்சம் என்பாள்.

அங்கே தண்ணீர், ரோட்டு என்றால் வோட் போட்டுத் தெரிவு செய்த கவுன்சிலரிடம் போக வேண்டும். காணி என்றால் பரம்பரைத் தலைவரிடம். அந்தக் கவுன்சிலர் வேறு யாரும் இல்லை, இவளுடைய தம்பி தெம்பா.

அங்கே வோர்ட் கூட்டம், அவர்களுடைய வட்டாரக் கூட்டம், நடக்கிற நேரம் இங்கே எங்களுக்குக் காலை பிரேக். தெம்பா போனை ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் சாத்தி வைப்பான். இவள் லோண்டரியில் நின்று கத்துவாள். அவள் மொழியில் நாக்கால் டக் டக் என்று ஒரு சத்தம் வரும். கோபம் ஏற ஏற அது கூடும்.

நாங்கள் உடைந்த இங்கிலீஷில் கதைத்ததை என் தமிழில் எழுதுகிறேன்.

"என்னடி பேசினனீ?"

"தம்பி எண்டு வோட் போட்டுது சனம், தண்ணிப் பைப் எங்க எண்டு கேட்டன்."

"அவன் என்னவாம்?"

"எங்கட பக்கம் ஆக்கள் குறைவாம். ஆக்கள் கூடின பக்கத்துக்குத்தான் முதல் பைப்பாம்."

சனத்தொகை எடுக்க வந்தபோதும் ஒரு பெரிய சண்டை. என்னையும் வீட்டில் எழுது என்று தெம்பாவைப் பிடித்தாள். கணக்கெடுக்கிற இரவு அந்த வீட்டில் படுத்தவர்களைத்தான் எழுதுவார்கள் என்றிருக்கிறான்.

"நான் கட்டின வீடு அங்க நிக்குது. நான் எங்க படுத்தா உனக்கென்ன?"

வட்டமான வீடு, பச்சைப் பெயிண்ட். போனில் காட்டுவாள். அதில் அவள் ஒரு இரவும் படுத்ததில்லை.

ஒரு நாள் அவள் பேச்சைக் கேட்டு நான் சிரித்தது கூட்டத்துக்குக் கேட்டுவிட்டது. உது யார் என்று தலைவர் கேட்க, "என்ர அக்கா" என்றாள். கூட்டமே "மோலோ, சிசி" என்றது. வணக்கம் அக்கா என்று அர்த்தமாம். நான் போனைப் பார்த்துக் கும்பிட்டேன். அதற்கும் சிரித்தார்கள்.

அவள் செத்த பிறகு தெம்பா போன் எடுத்தான். "சிசி, உடம்பு மட்டும் வந்தாக் காணாது" என்றான்.

விழுந்த இடத்தில்தான் உயிர் நிற்குமாம். சொந்தத்தில் ஒருவர் ஒரு மரக் கொப்போடு போய், வா வீட்டுக்கு என்று கூப்பிட வேண்டும். அந்தக் கொப்பைப் பிடித்துக்கொண்டு உயிர் வருமாம். வழி நெடுக ஒவ்வொரு திருப்பத்தையும் சொல்லிக்கொண்டு போக வேண்டும். கூப்பிடாவிட்டால் அங்கேயே நின்றுவிடுமாம். அவனுக்கு விசா கிடைக்கவில்லை.

"கூட்டம் போட்டம். ஒரு கிழவி கேட்டவ, அவளுக்கு ஒரு அக்கா இருக்கிறாதானே, போனில சிரிக்கிறவ எண்டு. தலைவரும் ஓம் எண்டிட்டார்."

"எனக்கு உங்கட பாஷை தெரியாது தம்பி."

"உங்கட பாஷையிலயே கூப்பிடுங்கோ. அவவுக்கு உங்கட குரல் தெரியும்."

எந்தக் கொப்பு என்று படம் அனுப்பினான். பார்த்தால் எங்கட இலந்தை மாதிரி, முள்ளோடு. இந்தக் குளிருக்குள் இலந்தைக்கு நான் எங்கே போவேன்? யன்னலடியில் சாடியில் நிற்கிற கறிவேப்பிலையில் ஒரு கொப்பு முறித்தேன்.

சாப்பாட்டில் நான் போடுகிற கறிவேப்பிலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மூடியில் வைப்பாயே... தின்னாத இலையை ஏன் போடுறாய் என்பாயே... அதைப் பிடித்துக்கொண்டு வருவாயோ மாட்டாயோ என்று எனக்குப் பயமாக இருந்தது, நோமா.

ட்ரையருக்கு முன்னால் நின்று கூப்பிட்டேன். எழும்படி, வீட்ட போவம் என்றேன்.

உன் உடம்பு இருந்த ஃபியூனரல் ஹோமுக்குப் போகிற பஸ்ஸில் உனக்கும் சேர்த்துச் சில்லறை போட்டேன். டிரைவர் எனக்குப் பின்னால் பார்த்தான். "டூ பீப்பிள்" என்றேன். பக்கத்து சீட்டில் கொப்பை வைத்தேன். ஒரு பொம்பிளை இருக்க வந்தபோது, ஆள் இருக்கு என்றேன்.

மார்க்கம் ரோட்டில் திரும்பினபோது சொன்னேன். எக்லிங்டனில் சொன்னேன். சனம் பார்த்தது. பார்க்கட்டும்.

ஃபியூனரல் ஹோமில் கொப்பை உன் பெட்டியில் வைத்தேன். எல்லாம் தெம்பா சொன்னபடிதான் செய்தேன். கதவடியில் திரும்பிப் பார்த்தபோது, என் வாய்...

"சரி நோமா, போட்டு வா" என்றுவிட்டேன்.

எங்கள் ஆட்களுக்குப் போ என்று வாயில் வராது, போய்விட்டுத் திரும்பி வா என்றுதான் வரும். செத்தவருக்குச் சொல்லக் கூடாத சொல் என்று தெரியும். வாய் முந்திவிட்டது. தெம்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

வீடியோவில் உன் பச்சை வீட்டு வாசலில் எல்லாரும் பாடுகிறார்கள். தலைவர் கையில் கறிவேப்பிலைக் கொப்பு, வாடிப்போய். நோமா வந்திட்டாள், இனி இந்த வோர்ட்டில் ஓர் ஆள் கூட என்று பேசினாராம்.

இன்று வேலைக்குப் போனேன். உன்னுடைய ட்ரையர் வெறுமையாக ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே டக்... டக்... ஏதும் பட்டனாக்கும் என்று சூப்பர்வைசர் சொன்னா. நிற்பாட்டிக் கைவிட்டுத் தடவினேன். ஒன்றும் இல்லை.

நோமாக் குஞ்சு... இப்ப நீ எங்கயடி படுக்கிறாய்?