சூலியா தெருவில் கேட்ட நோய்க் காரணங்கள்

மருந்து கலக்குகிறவன் முதலில் பழக வேண்டியது வாயை மூடிக்கொண்டிருப்பது. அது எனக்கு வரவே இல்லை.

பெரிய யுத்தம் முடிந்தபின் சில வருஷங்கள் நான் பினாங்கில், சூலியா தெருவில், ஒரு தமிழ் டாக்டருடைய டிஸ்பென்சரியில் கம்பவுண்டராக இருந்தேன். டாக்டர் உள்ளே நாடி பிடிப்பார். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று சீசாவில் மருந்து ஊற்றித் தருவேன். டாக்டருடைய புத்தகத்தில் வியாதிகளை வகை வகையாகப் பிரித்துப் போட்டிருந்தது: கொசு கடித்து வருவது, கெட்ட தண்ணீரில் வருவது, ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்கு ஒட்டுவது, சாப்பாட்டில் ஏதோ குறைந்து வருவது. ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களைக் கேட்டால் காரணம் மூன்றே மூன்றுதான்: காற்று, தின்ற பழம், பக்கத்து வீட்டுக்காரன். வாத்தியாரோ, வக்கீல் குமாஸ்தாவோ, ஊராருக்கு எதையாவது விளக்கிச் சொல்லிப் பிழைக்க வேண்டிய தலையெழுத்து உங்களுக்கும் இருந்தால், என் வயிற்றெரிச்சல் புரியும்.

கொசுவலை

ஆயர் ஈத்தாமில் கத்தரித் தோட்டம் போட்டிருந்த முனியாண்டிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் காய்ச்சல். மலையிலிருந்து இறங்குகிற பனிக்காற்றுதான் காரணம் என்பது அவர் கட்சி. கொசு கடித்து வருகிற காய்ச்சல் இது என்று டாக்டர் சொன்னதும், ‘பாவம், அந்தப் பொடி ஜீவன் மேல் பழி போடுகிறாரே’ என்கிற மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தார். கொயினா மாத்திரையும் கொடுத்து, கொசுவலை கட்டித்தான் படுக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினோம்.

காய்ச்சல் விட்டது, திரும்ப வந்தது. வலை வாங்கினாயா என்று கேட்டேன். வாங்கினாராம், நல்ல வலையாம், கட்டியும் விட்டாராம். எங்கே கட்டினார் என்று கேட்க எனக்குப் புத்தி வந்தது நல்லவேளை. வெட்டுக்கிளி தின்னாமலிருக்கக் கத்தரி நாற்றுக்கு மேலே கட்டியிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு ஏன் என்று கேட்டேன். கொஞ்சமும் கூசாமல் பதில் சொன்னார்:

“காய்ச்சல் போனா மறுபடி வரும்ணே, நாத்து போனா வருமா?”

கொதித்த தண்ணீர்

சுங்கை பினாங் பக்கம் வாந்திபேதி கண்டிருந்தது. அங்கிருந்து வந்தவர்கள் எல்லாரும் அன்னாசிப் பழத்தைத் திட்டினார்கள். பழம் என்ன செய்யும்? கக்கூஸும் கிணறும் பக்கத்துப் பக்கத்திலே இருந்தால் மனுஷனுக்குள்ளிருந்து போனது மனுஷனுக்குள்ளேயே திரும்பி வருகிறது. இதை மாட்டுவண்டி ஓட்டுகிற காத்தமுத்துவுக்குத் தொண்டை வறளச் சொன்னேன். தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்றேன். மகமாயி மேல் ஆணையாக அப்படியே செய்கிறேன் என்றார்.

மறு வாரம் அவர் பெண்சாதியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவள் கண் குழிவிழுந்து, கைவிரல் தோல் சுருங்கிக் கிடந்தது. டாக்டர் எப்படியோ அவளைப் பிழைக்க வைத்துவிட்டார். அப்புறம் காத்தமுத்துவைப் பிடித்து, ‘தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொன்னேனே, ஏனய்யா செய்யவில்லை?’ என்று கத்தினேன். மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“கொதிக்க வெச்சோமே. சுடச்சுட எப்படிக் குடிக்கிறது? கெணத்துத் தண்ணி ரெண்டு செம்பு ஊத்தி ஆத்திக் குடிச்சோம்.”

கிராணியாரின் கால்

இதெல்லாம் படிக்காத ஜனங்கள், போகட்டும் என்பீர்கள். படித்தவரைச் சொல்கிறேன். பீச் தெருவில் ஒரு கப்பல் ஆபீசில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்தவர் சதாசிவம். அல்பாகா கோட்டு, வெள்ளிப்பூண் போட்ட குடை, துரையிடம் இங்கிலீஷில் பேசிப் பேசித் தமிழையும் கொஞ்சம் மூக்கால் பேசுவார். ஒரு நாள் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். கால் வீங்கி ஜோடுக்குள் நுழையவில்லை. பாதம் மரத்துவிட்டது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கைத்தாங்கலாக அவர் மனைவி பார்வதியம்மாள் கூட வந்திருந்தார். டாக்டர் முழங்காலுக்குக் கீழே விரலால் அமுக்கினார். குழி விழுந்தது, விழுந்த குழி அப்படியே நின்றது.

கிராணியார் காரணத்தைத் தயாராக வைத்திருந்தார். ஆபீசில் இரண்டாவது கிராணி அருணாசலம் இவர் நாற்காலிக்கு ஆசைப்பட்டுச் செய்வினை வைத்துவிட்டானாம். இல்லையென்றால் வீட்டில் எல்லாரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்க, தனக்கு மட்டும் ஏன் வருகிறது? டாக்டர் அதை விட்டுவிட்டு, என்ன அரிசி சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். மெஷினில் தீட்டின நயம் சியாம் அரிசி, மல்லிகைப்பூ மாதிரி இருக்கும் என்று பெருமையாகச் சொன்னார் கிராணியார். மற்றவர்களும் அதுதானா என்று கேட்டதும் அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டு, “எங்களுக்கு அது பசி தாங்காதுங்க. பின்வாசல் வழியாப் படி படியாப் புழுங்கலரிசி வாங்கி அடுப்படியில வெச்சு நாங்க சாப்பிட்டுக்குவோம்” என்றார். அப்போதுதான் கிராணியாருக்கே அது தெரியும். மனைவியை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே!

டாக்டர் நிதானமாகச் சொன்னார். அரிசியின் மேல்தோலில் ஒரு சத்து இருக்கிறது; தீட்டித் தீட்டி வெள்ளையாக்கினால் அது போய்விடும்; நெல்லைப் புழுக்கினால் அது அரிசிக்குள்ளே இறங்கித் தங்கும். இது உங்களுக்கு ஒட்டின வியாதி இல்லை, ஒன்று குறைந்து வந்த வியாதி. புழுங்கலரிசி சாப்பிடுங்கள், தீரும். சாப்பிடாவிட்டால் ஒரு நாள் நெஞ்சு நின்றுவிடும். இதைவிடத் தெளிவாக ஒரு டாக்டர் சொல்ல முடியாது. கிராணியார் குடையை ஊன்றிக்கொண்டு எழுந்தார்.

“தோட்டத்துக் கூலி தின்கிற அரிசியை நான் தின்னா, அப்புறம் எனக்கும் கூலிக்கும் என்ன வித்தியாசம் டாக்டர்?”

நயமான மருந்து

அந்த அம்மாள் மறுநாள் தனியாக வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அழுதார். “ஒரு வாய் தின்னுங்கன்னு கால்ல விழுந்துட்டேன் தம்பி. மானம் போயிடும்ங்கிறார்.” டாக்டர் என்னைப் பாசாருக்கு அனுப்பித் தவிடு வாங்கிவரச் சொன்னார். சலித்து, வறுத்து, வாசனை தெரியாமலிருக்க ஓமத்திரவம் விட்டு, தடித்த பழுப்பு சீசாவில் அடைத்து, தக்கை மூடி போட்டு, இங்கிலீஷில் நீளமாக ஏதோ எழுதி ஒட்டினோம். சாப்பாட்டுக்கு முன் வேளைக்கு இரண்டு கரண்டி. வாங்கிக்கொண்ட கிராணியார், லண்டனிலிருந்து வருகிறதா என்று கேட்டார். டாக்டர் இருமினார்.

கொஞ்ச நாளில் வீக்கம் வடிந்தது. மூச்சு வாங்குவது நின்றது. ஒரு சாயங்காலம் பழைய ஜோடையே மாட்டிக்கொண்டு சூலியா தெரு முழுக்க டக்டக்கென்று நடந்து வந்தார். பார்வதியம்மாள் எங்கள் ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, கிராணியார் வாயைத் திறக்கும் வரைக்கும்.

“இங்கிலீஷ் மருந்துன்னா இங்கிலீஷ் மருந்துதான் தம்பி. நம்ம ஆளுங்களுக்கு இதையெல்லாம் கண்டுபிடிக்கத் தெரியுமா?”

ஆபீசில் திறந்த மூடி

மருந்தை வீட்டில் வைத்துச் சாப்பிட்டுத் தொலைத்திருக்கலாம். துரைமார் மருந்து சாப்பிடுகிறேன் என்று நாலு பேர் பார்க்க வேண்டாமா? சீசாவை ஆபீசுக்குக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தார். அந்த அருணாசலம் வீட்டில் கறவை மாடு வைத்திருப்பவர். மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார், ஒரு சிட்டிகை நாக்கில் போட்டுப் பார்த்தார், எங்கள் மாட்டுக்கு வைக்கிற தவிடு அல்லவா இது என்றார். சாயங்காலத்துக்குள் பியூன் வரைக்கும் ‘தவிட்டுக் கிராணி’ என்ற பெயர் போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாள் கிராணியார் வந்து சீசாவை எங்கள் ஜன்னலில் டக்கென்று வைத்தார். டாக்டரே எழுந்து வெளியே வந்தார். ஆமாம், தவிடுதான், உங்களை நடக்க வைத்தது அதுதான், நிறுத்தினால் போன வியாதி திரும்ப வரும், இந்தத் தடவை காலோடு நிற்காது என்றார். கையைப் பிடித்துக்கொண்டுகூடச் சொன்னார். கிராணியார் கையை உருவிக்கொண்டார்.

“கால் போனா ரிக்‌ஷா இருக்கு டாக்டர். பேர் போனா எதுல ஏறிப் போறது?”

கடைசி வாய்

அதற்கப்புறம் அவர் எங்கள் பக்கம் வரவில்லை. அடுப்படியில் வேறு அரிசி வேகக்கூடாது என்று வீட்டில் உத்தரவு போட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ஒரு நாள் விடிகிற நேரத்தில் ஆள் ஓடி வந்து கூப்பிட, டாக்டரும் நானும் போனோம். சாய்வு நாற்காலியில் கிடந்தார். கால் மறுபடி தூண் மாதிரி வீங்கியிருந்தது. நெஞ்சு நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. டாக்டர் நெஞ்சில் வைத்துப் பார்த்த குழாயை மடித்துப் பையில் போட்டார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இன்றைக்கும் அது போகவில்லை.

அன்று மத்தியானம் ஆபீஸ்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள், அருணாசலம் உட்பட. வாய்க்கரிசி போடுகிற நேரம் வந்ததும், உறவுக்காரர் ஒருவர் தாம்பாளத்தில் அவருடைய சியாம் அரிசியையே குவித்துக் கொண்டுவந்து வைத்தார். பார்வதியம்மாள் அதைத் தள்ளிவிட்டு உள்ளே போனார். எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ, ஒரு பிடி புழுங்கலரிசியோடு திரும்பி வந்தார். அது முறையில்லை என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவர் காதில் வாங்கவில்லை. குனிந்து புருஷன் வாயருகே கையைக் கொண்டுபோனார்.

“யாராவது பாப்பாங்கன்னுதானே வேண்டாம்னீங்க. இப்ப ஊரே பாக்குது. தின்னுங்க.”

டாக்டருடைய புத்தகத்தில் அந்த வியாதிக்குக் காரணம் தீட்டின அரிசி என்று போட்டிருக்கிறது. அதை எழுதின துரை எங்கள் பீச் தெருவுக்கு வந்து கிராணிமார்களைப் பார்த்ததில்லை.